ரோட்டுக்கு ஒரு காற்று, டிராக்குக்கு ஒரு காற்று: பைக் டயர் அழுத்தம் வைக்கும் முறை

மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, பஞ்சர் கடையில் வண்டியை நிறுத்தினால் "முன்னாடி முப்பது, பின்னாடி முப்பத்தஞ்சு போட்டுடவாண்ணே?" என்றுதான் கேட்பார்கள். நாமும் தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். ஸ்ப்ளெண்டருக்கும் அதே காற்று, புல்லட்டுக்கும் அதே காற்று, ஆர்15-க்கும் அதே காற்று. இதில் மூன்று கோளாறு இருக்கிறது. வண்டி எது என்று பார்க்கவில்லை. டயர் சூடாக இருக்கிறதா ஆறியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. லாரி டயருக்கு வாங்கிய, காற்றழுத்தம் அளக்கும் கேஜ் பைக்குக்குச் சரியாகக் காட்டுமா என்றும் யாரும் யோசிக்கவில்லை.

தினமும் டெல்டா ரோட்டில் ஓடும் 150 முதல் 400 சிசி வரையான பைக்கையே, அதே டயரோடு வருடத்தில் சில நாள் இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை செட்டிப்பாளையத்துக்கோ பந்தய டிராக்கில் ஓட்டக் கொண்டுபோகிறவர்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டது. டிராக் பக்கமே போகாதவர்களுக்கு முதல் பாதி போதும்.

எந்த எண்ணை நம்புவது

பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மிலோ செயின் கவரிலோ ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது உரிந்துபோயிருந்தால் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் அதே எண் இருக்கும். தனியாக ஓட்ட முன் இவ்வளவு, பின் இவ்வளவு. பின்னால் ஆள் உட்கார்ந்தால் இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். 100 முதல் 200 சிசி வரையான பல வண்டிகளில் முன்னால் 25 முதல் 29 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு), பின்னால் தனியாக 28 முதல் 33 வரை வரும். பெரிய ஸ்போர்ட் பைக்குகளில் முன் 36, பின் 42 என்பது பரவலான எண். உங்கள் வண்டி இந்த இடைவெளியில் எங்கே நிற்கிறது என்பதை ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை வைத்து முடிவுசெய்ய வேண்டாம்.

அலகு குழப்பும். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. 100 கிலோபாஸ்கலும் அதேதான். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்று போட்டிருந்தால் அது 14.2 பிஎஸ்ஐ. ஆக 200 கிலோபாஸ்கல் 29 பிஎஸ்ஐ, 225 கிட்டத்தட்ட 33, 250 என்றால் 36. இந்த மூன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பெரும்பாலான ஸ்டிக்கரைப் படித்துவிடலாம்.

டயரின் பக்கச் சுவரிலும் ஓர் அழுத்தம் அச்சிட்டிருக்கும். அது அந்த டயர் முழுச் சுமை தாங்கும்போது வைக்கக்கூடிய உச்சம். பிடிக்க வேண்டிய காற்று அல்ல. அதைப் பார்த்துக் காற்றடித்துக்கொண்டு "வண்டி தூக்கித் தூக்கிப் போடுது, சாக் போயிடுச்சு" என்று மெக்கானிக்கிடம் போகிறவர்கள் உண்டு. சாக் அப்சார்பர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

டயர் கம்பெனியையோ அளவையோ மாற்றியிருந்தாலும் தொடக்கம் ஸ்டிக்கர் எண்தான். அளவே மாறியிருந்தால் டயர் நிறுவனத்தின் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆறிய டயர் என்றால் என்ன

ஸ்டிக்கரில் உள்ளது ஆறிய டயரின் எண். வண்டி குறைந்தது மூன்று மணி நேரமாவது ஓடாமல், நிழலில் நின்றிருக்க வேண்டும். விடியற்காலை, வீட்டு வாசலில், வெயில் சக்கரத்தில் விழும் முன் அளப்பதுதான் நம்பத்தக்க அளவு.

டயருக்குள் இருக்கும் காற்று 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அழுத்தம் சுமார் 1.5 பிஎஸ்ஐ கூடும். 28 பிஎஸ்ஐ-யில் தொடங்கிய டயர், கும்பகோணத்திலிருந்து சேத்தியாத்தோப்பு வரை மே மாத வெயிலில் இழுத்துப் பிடித்து வந்தால் 32, 33 காட்டும். இது கோளாறு இல்லை. டயர் வடிவமைத்தவர் எதிர்பார்த்தது இதைத்தான். ஸ்டிக்கர் எண்ணிலேயே இந்த ஏற்றத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், வழியில் பங்க்கில் நிறுத்தி அளந்து, "ஐயோ, 33 ஆயிடுச்சு" என்று காற்றை இறக்கி 29-க்குக் கொண்டுவரும்போது. மறுநாள் காலை டயர் ஆறியதும் அதே சக்கரம் 24, 25 தான் காட்டும். சூடாக இருக்கும் டயரிலிருந்து ரோட்டில் காற்றை இறக்கக் கூடாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதிப் பிரச்சினை வராது.

வெயிலில் நிறுத்தியிருந்த வண்டியும் ஏமாற்றும். கறுப்பு ரப்பர் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். மதியம் இரண்டு மணிக்கு, ஓடாமலே நின்ற வண்டியில் வெயில் பட்ட சக்கரம் 2 பிஎஸ்ஐ கூடக் காட்டலாம். நிழலில் இருந்த சக்கரம் காட்டாது. இரண்டையும் ஒப்பிட்டு ஒரு முடிவுக்கு வராதீர்கள்.

கேஜ் உங்களுடையதாக இருக்கட்டும்

கேஜ் துல்லியம் முழு அளவில் இத்தனை சதவீதம் என்றுதான் சொல்லப்படும். 0 முதல் 60 வரை அளக்கும் கேஜில் 2 சதவீதப் பிழை என்றால் 1.2 பிஎஸ்ஐ. 0 முதல் 160 வரை அளக்கும் லாரிக்கடை கேஜில் அதே 2 சதவீதம் 3.2 பிஎஸ்ஐ. 28 வைக்க நினைத்து 25-ம் வைக்கலாம், 31-ம் வைக்கலாம். போதாக்குறைக்கு அந்த கேஜ் நாளுக்கு நூறு தடவை சிமெண்டுத் தரையில் விழுந்து எழுந்திருக்கும்.

60 பிஎஸ்ஐ வரை காட்டும் டயல் கேஜ் ஒன்று வாங்குங்கள். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும் பொத்தான் உள்ளதாகவும், குழாய் வளையக்கூடியதாகவும் இருந்தால் டிஸ்க் பிளேட்டுக்கு நடுவே வால்வைப் பிடிக்கச் சுலபம். டிஜிட்டல் கேஜ் என்றால் பேட்டரி தளரும்போது உளறுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். நண்பர்கள் இரண்டு மூன்று பேரின் கேஜை ஒரே டயரில் ஒரே காலையில் வைத்துப் பார்த்தால் எது விலகி நிற்கிறது என்று தெரிந்துவிடும். உங்கள் கேஜ் எப்போதும் 1 பிஎஸ்ஐ கூடக் காட்டினாலும் குற்றமில்லை. ஒவ்வொரு தடவையும் அதே 1 என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இன்று ஒன்று, நாளை ஒன்று காட்டும் கேஜைத் தூக்கிப் போடுங்கள்.

காற்று பிடிப்பது

வீட்டில் 12 வோல்ட் பம்போ, நல்ல கால் பம்போ இருந்தால் வேலை சுலபம். ஆறிய டயரில் ஸ்டிக்கர் எண்ணைவிட 1 அல்லது 2 கூட அடித்து, கேஜ் பொத்தானை அழுத்தி எண்ணுக்கு இறக்குங்கள். ஏற்றும்போது சரியாக நிறுத்துவதைவிட இறக்கும்போது நிறுத்துவது எளிது.

பம்ப் இல்லை, பங்க் நான்கு கிலோமீட்டர் தள்ளி என்றால் இப்படிச் செய்யுங்கள். காலையில் வீட்டிலேயே அளந்து, எவ்வளவு குறைகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முன் டயரில் 29 வேண்டிய இடத்தில் 26 இருக்கிறது என்று வையுங்கள், குறைவு 3. பங்க்குக்குப் போய்ச் சேரும்போது டயர் சூடேறி 28 காட்டும். அங்கே 29-க்கு அடிக்கக் கூடாது. 28-உடன் 3 சேர்த்து 31-க்கு அடிக்க வேண்டும். அளப்பதும் உங்கள் கேஜிலேயே. மறுநாள் காலை வீட்டில் பார்த்தால் 29-க்கு மிக அருகில் இருக்கும். பங்க்கின் தானியங்கி மெஷினில் எண்ணைத் தட்டிவிட்டு ஒதுங்கி நிற்பதைவிட இது நம்பகமானது.

மாதத்துக்கு 1 முதல் 2 பிஎஸ்ஐ வரை நல்ல டயரிலும் இறங்கும். பத்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பது போதும். நெடுந்தூரம் கிளம்பும் அன்று கட்டாயம். வால்வு மூடியைத் தொலைக்காதீர்கள். உள்ளே ரப்பர் வைத்த உலோக மூடி நல்லது. வேகத்தில் சக்கரம் சுற்றும்போது வால்வு ஊசியைத் திறக்கும் பக்கமாக ஒரு விசை இழுக்கும். அப்போது காற்றைத் தடுத்து நிற்பது அந்த மூடிதான். வயல் சேறு வால்வுக்குள் போய் ஊசியில் உட்காராமல் காப்பதும் அதுவே.

நைட்ரஜன் பற்றி ஒரு வரி போதும். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சூட்டில் இரண்டும் ஒரே அளவுதான் விரியும். நைட்ரஜன் உலர்ந்திருப்பது மட்டுமே உண்மையான லாபம். டெல்டாவின் ஈரக்காற்றை அடைத்து வைக்கும் கம்ப்ரசர் டாங்கில் தண்ணீர் தேங்கும். அதை அவ்வப்போது திறந்துவிடாத கடையில் பிடித்தால் காற்றோடு ஈரமும் டயருக்குள் போகும். அந்த ஈரம் ஆவியாகும்போது அழுத்தம் கணக்குக்கு மேல் ஏறும். ரோட்டில் இது தெரியாது, டிராக்கில் தெரியும்.

சுமைக்கு எவ்வளவு

பின்னால் ஆள் ஏறினால் பின் டயருக்கு ஸ்டிக்கர் சொல்லும் கூடுதல் காற்று வேண்டும். தனியாக 28 வைக்கும் பல வண்டிகளில் இது 32-லிருந்து 40 வரைகூடப் போகும். முன் டயருக்குப் பெரும்பாலும் மாற்றம் இருக்காது.

நம்மூரில் ஆள் மட்டுமா ஏறுகிறது? யூரியா மூட்டை 45 கிலோ. டிஏபி 50 கிலோ. நேரடி நெல் கொள்முதல் நிலையத்து மூட்டை 40 கிலோ. ஒரு மூட்டையைப் பின் சீட்டில் கட்டினால் அதை ஓர் ஆளாகவே கணக்கிட்டு, இருவர் போகும் காற்றை வையுங்கள். மூட்டையும் ஏற்றி அதற்குப் பின்னால் ஆளும் உட்கார்ந்தால் எந்தக் காற்றும் அதைச் சரிசெய்யாது. பக்கச் சுவரில் 57பி என்று இருந்தால் அந்த டயர் தாங்கும் உச்சம் 230 கிலோ. வண்டியின் எடையிலும் ஓட்டுகிறவர் எடையிலும் பாதிக்கு மேல் பின் சக்கரத்துக்குப் போகும். மூட்டையோ அனேகமாக முழுதும் அதன் தலையில்தான்.

குறைந்த காற்றில் சுமை ஏற்றினால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அந்த மடிப்புத்தான் சூடு. சூடு ஏறஏற உள்ளே நூல் அடுக்கும் ரப்பரும் விட்டுப்போகும். ட்யூப் வைத்த டயரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்று குறைந்தால் டயர் ரிம்மின் மேல் நழுவி ட்யூபையும் இழுத்துக்கொண்டு போகும். ரிம் ஓட்டையில் வால்வு நேராக நிற்காமல் சாய்ந்திருந்தால் இது தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் ஒரு நாள் வால்வு அடியோடு கிழியும். அந்தக் காற்று மெல்ல இறங்காது, ஒரே நொடியில் போகும். சாய்ந்த வால்வைப் பார்த்தால் காற்று முழுதும் இறக்கி, டயரைத் தள்ளி, வால்வை நேராக்கிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

அக்கினி நட்சத்திரமும் ஐப்பசி மழையும்

"வெயில் காலத்துல காத்தைக் குறைச்சு வையி, வெடிச்சிடும்" என்பது ஊரெங்கும் கேட்கும் அறிவுரை. நேர்மாறாகச் செய்ய வேண்டியது இது. தஞ்சாவூரில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் 4 பிஎஸ்ஐ குறைத்து ஓட்டினால் டயர் அதிகம் மடங்கி அதிகம் சூடாகும். நல்ல டயர் 5 பிஎஸ்ஐ ஏற்றத்தால் வெடிப்பதில்லை. காற்று குறைந்து சூடேறித்தான் வெடிக்கிறது. கோடையில் செய்ய வேண்டியது காலையில் அளந்து ஸ்டிக்கர் எண்ணை வைப்பது மட்டுமே. மார்கழி விடியலில் 22 டிகிரியில் வைத்த காற்று, மே மாத விடியலில் தானாகவே 1 பிஎஸ்ஐ கூடியிருக்கும். இடையில் கசிந்ததையும் சேர்த்துப் பார்த்தால் கூடியதற்குப் பதில் குறைந்துதான் இருக்கும்.

மழைக்குக் காற்றைக் குறைப்பதும் இதே வகை. அழுத்தம் குறைந்தால் டயரின் நடுப்பகுதி தளர்ந்து தண்ணீரைப் பிதுக்கித் தள்ளும் திறன் குறையும். தேங்கிய தண்ணீர்மேல் மிதக்கத் தொடங்கும் வேகமும் இறங்கிவிடும். மழையிலும் ஸ்டிக்கர் எண்தான். அறுவடைக் காலத்தில் ரோட்டில் கிடக்கும் வைக்கோலுக்கும் காயப்போட்ட நெல்லுக்கும் மட்டும் எந்த எண்ணும் உதவாது, வேகத்தைத்தான் குறைக்க வேண்டும்.

வாய்க்கால் கரையிலும் கொள்ளிடத்துப் படுகை மணலிலும் கொஞ்சம் இறக்கினால் பிடி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் 3 அல்லது 4 பிஎஸ்ஐ-க்கு மேல் இறக்க வேண்டாம். தார் ரோடு ஏறும் முன் திரும்ப ஏற்றப் பம்ப் கையில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

காற்று தொடர்ந்து இறங்கினால்

வாரத்துக்கு 2 பிஎஸ்ஐ-க்கு மேல் இறங்குகிறது என்றால் எங்கோ கசிகிறது. சோப்புத் தண்ணீரை முதலில் வால்வு ஊசியில் விடுங்கள், பிறகு வால்வின் அடிப்பகுதியில், பிறகு டயர் ரிம்மோடு சேரும் விளிம்பில் சுற்றிலும். டெல்டாவில் முதல் குற்றவாளி சீமைக் கருவேல முள். உள்ளே ஒடிந்து அடைத்துக்கொண்டு நிற்கும். கசிவு அவ்வளவு மெதுவாக இருக்கும், குமிழி வர நிமிடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டிகளில் இரண்டாவது காரணம் உப்புக்காற்று. அலாய் வீலின் விளிம்பில் பெயிண்ட் உரிந்து வெள்ளைப் பொடி பூத்திருக்கும். டயரைக் கழற்றி விளிம்பைச் சுத்தமாகத் தேய்த்து மறுபடி ஏற்றினால் நிற்கும். ரப்பர் வால்வை வளைத்துப் பாருங்கள், அடியில் வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். விலை அற்பம். மூடியின் இடத்தில் திருகும் அழுத்த சென்சார் போட்டிருந்தால் அதன் எடையே ரப்பர் வால்வை ஆட்டி வெடிக்க வைக்கும். அதற்கு உலோக வால்வு வேண்டும்.

முள்ளுக்குப் பயந்து சீலன்ட் திரவம் ஊற்றியவர்கள் அளக்கும் முன் வால்வை மேல் பக்கம் கொண்டுவந்து சில நிமிடம் விடவேண்டும். இல்லையென்றால் திரவம் கேஜுக்குள் ஏறி அதைப் பாழாக்கும்.

இனி டிராக்

ரோட்டில் ஆறிய எண்ணை வைத்துவிட்டு, சூடான எண்ணைக் கண்டுகொள்ளாமல் விடுகிறோம். டிராக்கில் இது தலைகீழ். சூடான எண்தான் இலக்கு. ஆறிய எண் அதை அடையும் வழி. சூடான டயரில் காற்றை இறக்கக் கூடாது என்ற விதியும் இங்கே மாறும்.

காரணம், டிராக்கில் டயர் ரோட்டைவிட மிக அதிகம் வேலை செய்கிறது. இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் சுற்றில் முழு பிரேக், முழுச் சாய்வு, முழு முடுக்கம் மூன்றும் மாறி மாறி வரும். உள்ளே இருக்கும் காற்று 65 டிகிரியைத் தாண்டும். ரோட்டு எண்ணிலேயே உள்ளே போனால் சில சுற்றில் அழுத்தம் ஏறி டயர் உருண்டையாகும், தரையில் படும் பரப்பு சுருங்கும், வழுக்கும். முன் டயரில் அழுத்தம் எல்லை தாண்டுவது பெரிய பந்தயங்களிலும் தலைவலிதான். அதே நேரம் மிகக் குறைவாக வைத்து ஓட்டுவதும் ஆபத்து என்பதால் மோட்டோஜிபி என்னும் உலக பைக் பந்தயத்தில் 2024 முதல் முன் டயருக்குக் குறைந்தபட்சம் 1.8 பார் என்று விதியே இருக்கிறது.

கிளம்பும் முன் டயரைப் பாருங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஆறு வயதான டயரில் ரப்பர் இறுகிப்போயிருக்கும், அதோடு டிராக் ஏற வேண்டாம். பஞ்சர் ஒட்டிய டயரும், சீலன்ட் ஊற்றிய டயரும் அப்படியே.

தஞ்சாவூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டை சுமார் 300 கிலோமீட்டர். கும்பகோணம், அணைக்கரை, பண்ருட்டி, விக்கிரவாண்டி, திண்டிவனம், ஒரகடம் வழி. போகும் வழி முழுக்க ரோட்டுக் காற்றுதான். பை கட்டியிருந்தால் பின் டயரில் சுமைக்குரிய காற்று. முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். போய் இறங்கியதும் டிராக் எண்ணுக்கு இறக்க ஆசை வரும். செய்யாதீர்கள். மறுநாள் காலை ஆறிய பிறகு இறக்க வேண்டும்.

தொடக்க எண்: சாதாரண ரோட்டு டயரில் முன் 29, பின் 33 ஸ்டிக்கர் உள்ள 150 சிசி பைக்குக்கு டிராக்கில் ஆறிய நிலையில் முன் 27 முதல் 28, பின் 28 முதல் 29 வைத்துத் தொடங்கலாம். 36, 42 உள்ள பெரிய பைக்குக்கு முன் 31 முதல் 32, பின் 30. ரோட்டு டயரைச் சிறிய பைக்கில் 26-க்குக் கீழே இறக்க வேண்டாம். இணையத்தில் பின் டயருக்கு 22, 23 என்று எழுதியிருப்பது வார்மர் என்னும் மின் போர்வை போட்டுச் சூடேற்றும், பள்ளக் கோடில்லாத ஸ்லிக் பந்தய டயருக்கு. அந்த டயரின் கட்டமைப்பே வேறு. அதை உங்கள் ரோட்டு டயரில் வைத்தால் வளைவில் டயர் ரிம்மின் மேல் நெளியும்.

முதல் முறை டிராக் ஏறுகிறவர் முன்னால் 1, பின்னால் 2 குறைத்தால் போதும். டயரைச் சூடேற்றும் வேகம் அவரிடம் இன்னும் வந்திருக்காது. மிகக் குறைத்தால் நெளிவு மட்டும் மிஞ்சும், பிடி வராது.

செஷன் என்பது ஒரு தடவை டிராக்கில் இறங்கி ஓட்டும் நேரம், பொதுவாக 15 முதல் 20 நிமிடம். முதல் இரண்டு சுற்று டயர் சூடாக. செஷன் முடிந்து, டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் பிட்டுக்குள் நுழைந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றும் முன் அளக்க வேண்டும். உடன் ஒரு நண்பர் கேஜோடு நிற்பது நல்லது. இரண்டு நிமிடம் தாமதித்தாலே எண் இறங்கத் தொடங்கிவிடும். நோட்டில் நேரம், வெயில், ஆறிய எண், சூடான எண், வண்டி எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

சூடான எண் ஆறிய எண்ணைவிட 15 முதல் 20 சதவீதம் கூடியிருந்தால் சரி. 28 வைத்தது 32 முதல் 33-க்குப் பக்கம், 31 வைத்தது 36, 37-க்குப் பக்கம் வரவேண்டும். 20 சதவீதத்தைத் தாண்டினால் டயர் அளவுக்கு மேல் மடங்கிச் சூடாகிறது. ஆறிய எண் குறைவு என்று பொருள், 1 பிஎஸ்ஐ கூட்டுங்கள். இது பலருக்குப் புரிவதில்லை. அதிகம் ஏறிவிட்டதே என்று இன்னும் இறக்குகிறார்கள். அடுத்த செஷனில் இன்னும் அதிகம் ஏறும். 10 சதவீதம்கூட ஏறவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, காற்று அதிகம். மற்றொன்று, நீங்கள் டயரைச் சூடேற்றும் அளவுக்கு ஓட்டவில்லை. புதியவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான். காற்றில் கை வைக்காமல் இன்னொரு செஷன் ஓட்டிப் பாருங்கள்.

மாற்றுவது ஒரு தடவைக்கு 1 பிஎஸ்ஐ, ஒரு சக்கரத்தில் மட்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும்.

வண்டி சொல்வதையும் கேளுங்கள். முன்னால் காற்று குறைவென்றால் ஹேண்டில் கனக்கும், வளைவுக்குள் விழ மறுக்கும், கடும் பிரேக்கில் முன்பக்கம் நெளியும். அதிகமென்றால் வளைவுக்குள் சட்டென்று விழும், சின்ன மேடு பள்ளம் எல்லாம் கையில் தெரியும், முன்பக்கம் நழுவும்போது முன்னறிவிப்பே இருக்காது. பின்னால் குறைவென்றால் வளைவிலிருந்து முடுக்கி வெளியேறும்போது வண்டி அலையும். அதிகமென்றால் அதே இடத்தில் சக்கரம் சுழன்று வழுக்கும். டயர் மேற்பரப்பில் கிழிசல் தெரிந்தால் காற்றை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள், சஸ்பென்ஷன் அமைப்பும் அதே மாதிரி கிழிக்கும்.

காலை 8 மணிக்கு 27 டிகிரி இருந்த இடம் மதியம் 36 ஆகும். அதனால் மட்டும் சூடான எண் 1 முதல் 1.5 பிஎஸ்ஐ வரை கூடிவிடும். இங்கேதான் சூடான டயரில் இறக்குவது சரி: பிட்டுக்குள் வந்ததும் அளந்து, காலையில் நன்றாக இருந்த சூடான எண்ணுக்கே கொண்டுவாருங்கள். இறக்கியதைக் குறித்துவையுங்கள். செஷன்களுக்கு நடுவே வண்டியை நிழலில் நிறுத்துங்கள்; நிழல் இல்லையென்றால் ஒரு சக்கரம் மட்டும் சூடாகிவிடாதபடி வெயில் படும் சக்கரத்தின் மேல் துணி போடுங்கள்.

மழை வந்தால் டயர் சூடாகாது, ஏற்றமும் குறையும். உலர்ந்த டிராக்கில் வைத்த எண்ணிலேயே ஓட்டினால் சூடான இலக்கை எட்டாது. 2 பிஎஸ்ஐ கூட்டி ரோட்டு எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.

திரும்பும் முன்

டிராக் முடிந்த களைப்பில் அப்படியே பையைக் கட்டிக்கொண்டு கிளம்புவதுதான் அதிகம் நடக்கும் தவறு. காலையில் 28 வைத்து, மதியம் சூட்டில் 1.5 இறக்கிய பின் டயர், ஆறும்போது 26.5-தான். அதோடு சுமை ஏற்றி 300 கிலோமீட்டர் என்றால் முதல் பள்ளத்திலேயே ரிம் அடிவாங்கலாம்.

கிளம்பும் முன் டயர் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். காலையில் குறைத்ததையும் மதியம் இறக்கியதையும் கூட்டி, அந்த அளவை இப்போது காட்டும் எண்ணோடு சேர்த்து அடியுங்கள். பின்னால் 33-லிருந்து 28-க்கு இறக்கியது 5, மதியம் 1.5, ஆக 6.5, இப்போது 31 காட்டினால் 37.5 வரை ஏற்றுங்கள். பார்க்க அதிகமாகத் தெரியும், ஆறினால் 33-தான். பெரிய பை கட்டுவதென்றால் ஸ்டிக்கரில் தனியாளுக்கும் இருவருக்கும் உள்ள வித்தியாசத்தையும் மேலே சேர்க்க வேண்டும். ரப்பர் துணுக்கு ஒட்டிய டயரின் ஓரங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் முதல் சில கிலோமீட்டர் கரடாக இருக்கும், அதற்குள் சாய்க்க வேண்டாம்.

வீடு வந்து சேர்ந்த மறுநாள் காலை ஆறிய டயரில் ஒருமுறை அளந்து ஸ்டிக்கர் எண்ணுக்குச் சரிசெய்யுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள். 1 பிஎஸ்ஐ-க்கு மேல் இறங்கியிருந்தால் வால்விலோ விளிம்பிலோ கசிவு இருக்கிறது. சோப்புத் தண்ணீரை எடுங்கள்.